பாரம் ஏறாத எஞ்சின்

கண்டியைச் சுற்றிலும் கராஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பழைய எஞ்சினை இறக்கி, லைனரும் ரிங்கும் மாற்றி, கிராங்க் ஷாஃப்டை கிரைண்ட் செய்து திரும்பவும் கட்டிய பின், அது தேறுமா தேறாதா என்று அறிய அவர்கள் எந்த ஆய்வுகூடத்தையும் தேடிப் போக வேண்டியதில்லை. மலை இருக்கிறது. லொறியில் கல்லையோ மணலையோ ஏற்றிக்கொண்டு மாவனல்லைப் பக்கம் இறங்கி, கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒருதரம் திரும்பி வந்தால் போதும். எஞ்சின் தன் கதையைத் தானே சொல்லிவிடும். 1867இல் ரயில் கண்டிக்கு வந்தபோதும் இந்த ஏற்றந்தான் பெரும் பரீட்சை. 45 அடிக்கு ஓர் அடி என்று உயரும் அந்தத் தண்டவாளத்தில், நீராவிக் காலத்து ரயில்களுக்கு ரம்புக்கனையில் இன்னொரு எஞ்சினையும் பூட்டித் தள்ள வேண்டியிருந்தது. சமதரையில் வீராப்பாக வந்த எஞ்சின் மலையடிவாரத்தில் துணை கேட்டு நின்றது.

லொறி ஏற்றத்தில் நின்றுவிட்டால் என்ன ஆகும்? கிளீனர் பையன் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பான். ஹோர்ன் அடிப்பவர்கள் அடிப்பார்கள், ஏசுபவர்கள் ஏசுவார்கள். அரை மணி நேரத்தில் யாராவது ஒரு மெக்கானிக் வந்து சேருவார். கடலில் சக்கரத்துக்குக் கல் வைக்க முடியாது. நின்ற எஞ்சினோடு படகு நீரோட்டம் இழுத்த திசையில் போகும்.

மலையூரில் இருந்துகொண்டு படகு எஞ்சினைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பேராதனையையும் கட்டுகஸ்தோட்டையையும் தொட்டுக்கொண்டு போகும் மகாவலி, 335 கிலோமீற்றர் நடந்து கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு கலக்கிறது. அந்தக் குடாவின் கரையிலே மூதூரும் கிண்ணியாவும் இருக்கின்றன. நம் உறவுகளும் வியாபாரமும் அந்த வழியாகவே போய் வருகின்றன. கருவாட்டு லொறி வரும்போது சில வேளை ஒரு படகு எஞ்சினும் கூடவே வரும்.

அப்படி வந்த ஒன்றை 2022இல் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் பார்த்தேன். மூன்றரைத் தொன் படகில் பூட்டுகிற டீசல் எஞ்சின். முழுதாகப் பிரித்துக் கட்டி முடித்து, ஓர் இரும்புச் சட்டத்தில் ஏற்றி ஓடவிட்டிருந்தார் கராஜ்காரர். சத்தம் சீராக இருந்தது. புகையும் இல்லை. மூதூரிலிருந்து வந்திருந்த சம்மாட்டிக்கு முகம் மலர்ந்தது.

"நல்லாத்தானே ஓடுது தம்பி. ஏத்துவமே."

"இது ஓடுறதில்ல நானா. சும்மா சுத்துறது. பாரம் ஏத்திப் பாக்கோணும்."

அவர் வைத்திருந்த ஏற்பாடு விசித்திரமானது. பழைய ஜெனரேட்டர் ஒன்றிலிருந்து கழற்றிய ஆல்டர்னேட்டரை பெல்ட் போட்டு எஞ்சினோடு இணைத்திருந்தார். அதிலிருந்து வரும் கேபிள்கள் ஒரு பிளாஸ்டிக் பீப்பாய்க்குள் தொங்கிய இரும்புத் தகடுகளில் போய் முடிந்தன. பீப்பாய் நிறையத் தண்ணீர், அதில் உப்பு. தகடுகளைக் கொஞ்சம் இறக்கினால் மின்சாரம் தண்ணீருக்கூடாகப் பாய்ந்து எஞ்சினுக்குக் கால்வாசிப் பாரம் ஏறும். இன்னும் இறக்கினால் அரைவாசி. முழுதாக இறக்கினால் முழுப் பாரம். பக்கத்தில் யாரையும் அண்டவிடவில்லை. முழுப் பாரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் பீப்பாய்த் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. கடலில் படகைத் தள்ள வேண்டிய சக்தி, கடலிலிருந்து ஐந்நூறு மீற்றர் உயரத்தில் உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது.

நான்கு மணி நேரம். 18 லீற்றர் டீசல். அது எப்படிப்பட்ட ஆண்டு என்பதை நாம் மறக்கவில்லை. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசியத் தேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்திருந்தார்கள். பிறகு கியூ.ஆர். முறை வந்தது. டீசல் லீற்றர் நானூறு ரூபாயைத் தாண்டியிருந்தது. மீனவர்கள் வெளியிணைப்பு இயந்திரங்களுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் அந்த ஆகஸ்டில் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறியது. சம்மாட்டி தன் படகுக்குக் கிடைத்த பங்கிலிருந்து கானில் கொண்டுவந்த டீசல்தான் கண் முன்னே ஆவியாகிக்கொண்டிருந்தது. ஏழாயிரம் ரூபாய்க்கு மேல். அதைவிட, ஒரு நாள் தொழில்.

நான்கு மணி நேரமும் முடிந்தது. வெப்பமானி ஓரிடத்தில் ஏறி நின்றது. எண்ணெய் அழுத்தம் இறங்கவில்லை. கேஸ்கட் கசியவில்லை. ஒரு குறையுமில்லை.

"பாத்தீங்களா தம்பி, ஒண்டுமில்லையே" என்றார் சம்மாட்டி. சந்தோஷமும் கோபமும் கலந்த குரல். டீசல் காசில் பாதியைக் கூலியில் கழித்துவிடுவதாகக் கராஜ்காரர் சொன்ன பிறகுதான் அவர் சமாதானமானார்.

குறை கண்டுபிடிக்கும் சோதனையைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை; அது செலவை மிச்சப்படுத்தும், உயிரைக் காக்கும். ஆனால் எதையும் கண்டுபிடிக்காத சோதனை எதற்கு? அந்த எஞ்சினை அப்படியே ஏற்றிப் போயிருந்தாலும் அது ஓடியிருக்கும். விளைவில் எள்ளளவும் வித்தியாசமில்லை. அப்படியானால் அந்த 18 லீற்றரும், கியூவில் நின்ற ஒரு நாட்டில், வீண் விரயமா? சம்மாட்டியின் கேள்வியை இலேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

பாரமில்லாமல் சுற்றும் எஞ்சின் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். சும்மா சுற்றும்போது எஞ்சினுக்குத் தன் உராய்வை வெல்லும் அளவு டீசல் போதும். கவர்னர் அதற்கு மேல் விடாது. சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, சூடு குறைவு. ரேடியேட்டருக்கோ நீர்ப் பம்பிக்கோ வேலையே இல்லை. சரியாக உட்காராத ஹெட் கேஸ்கட் கசிய மாட்டாது. பேரிங்கில் இடைவெளி கூடியிருந்தாலும், எண்ணெய் தடிப்பாக இருக்கும் வரை அழுத்தமானி நல்ல எண்ணையே காட்டும். பாரம் ஏறிச் சூடாகி, எண்ணெய் இளகிய பிறகுதான் முள் இறங்கும். படகுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. காற்றாடி சுழலும் வேகம் பாதியானால் அது கேட்கும் சக்தி பாதியாவதில்லை, ஏறத்தாழ எட்டிலொன்றாகிறது. இறங்குதுறையில் அரை வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் "பாஸ்" என்று சொல்பவர், எஞ்சின் சுமக்க வேண்டியதில் எட்டிலொரு பங்கைத்தான் கண்டிருக்கிறார். லொறிக்கு ஏற்றம் முடிந்தால் இறக்கம் வரும், எஞ்சின் மூச்சு விடும். கடலில் இறக்கம் கிடையாது.

நம் நாட்டின் புகைப் பரிசோதனையும் எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. 2008 முதல் வாகனங்களுக்கு ஆண்டுதோறும் புகைச் சான்றிதழ் எடுக்கிறோம். டீசல் வாகனத்தை நிறுத்திவைத்து, கியர் போடாமல், ஆக்ஸிலேட்டரை மிதித்துப் புகையை அளக்கிறார்கள். அந்தச் சான்றிதழைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக்கொண்டே பஸ்கள் கடுகண்ணாவையில் கரும்புகை கக்கி ஏறுகின்றன. பொய் சொன்னவர் யாருமில்லை. கேட்கப்பட்ட கேள்வி அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியை ஒழுக்கவியல் கேள்வியாகவே எடுத்து எழுதியவர் டபிள்யூ. கே. கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர். நம்பிக்கையின் ஒழுக்கம் பற்றிய அவருடைய கட்டுரை 1877இல் வெளியானது. அதன் தொடக்கத்திலேயே ஒரு கப்பல் முதலாளி வருகிறார். குடியேறப் போகும் ஏழைகளை ஏற்றிச் செல்லவிருக்கும் அவருடைய கப்பல் பழையது, பல முறை திருத்தப்பட்டது. அதை முழுதாகப் பிரித்துத் திருத்த வேண்டுமோ என்ற சந்தேகம் அவருக்கு வருகிறது. செலவை நினைக்கிறார். இதுவரை எத்தனையோ புயலைத் தாண்டிய கப்பல்தானே என்று மனதைத் தேற்றுகிறார். இறைவன் பார்த்துக்கொள்வான் என்கிறார். உண்மையாகவே நம்பவும் தொடங்கிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் காப்புறுதிப் பணத்தைப் பெற்றுக்கொள்கிறார். அவர் குற்றவாளி என்பதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் கிளிஃபர்ட் அங்கே நிற்கவில்லை. கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அந்த மனிதனின் குற்றம் அணுவளவும் குறையாது என்கிறார். விளைவு தற்செயல், அந்த நம்பிக்கைக்கு அவருக்கு உரிமை இருந்ததா என்பதே கேள்வி.

ஒரு பொருத்தம்: அதே 1877இல்தான் பிரித்தானியக் கடற்படையின் பெரிய எஞ்சின்களைப் பாரமேற்றி அளக்க வில்லியம் ஃபிரௌட் நீரின் எதிர்ப்பால் இயங்கும் அளவுமானியை வகுத்தார். உள்ளே சுழலும் தட்டு தண்ணீரைக் கலக்கும், தண்ணீர் எதிர்த்து நிற்கும். கட்டுகஸ்தோட்டைப் பீப்பாயின் தூரத்து உறவு அது.

கிளிஃபர்ட்டின் முதலாளி இறைவனைத் துணைக்கழைத்ததை நாம் அடையாளம் காணாமலிருக்க முடியாது. தவக்குல் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் மேடைகளில் ஒட்டகமும் கயிறும் வந்துவிடும். கட்டிவிட்டுத்தான் பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் கட்டிய பிறகு அந்தக் கயிற்றை ஒருதரம் இழுத்துப் பார்த்தீர்களா என்று யாரும் கேட்கக் காணோம். முடிச்சுப் போடுவது திருத்த வேலை. இழுத்துப் பார்ப்பது பாரமேற்றுவது. கட்டிய திருப்தியோடு பள்ளிக்குள் நுழைந்துவிடுகிறவர்களே நம்மில் அதிகம்.

இருந்தாலும் கிளிஃபர்ட்டோடு முழுவதும் போக என்னால் முடியவில்லை. அவர் குற்றத்தை நம்பிக்கையில் வைக்கிறார்; சந்தேகத்தை அமுக்கியதே பாவம் என்கிறார். மூதூர்ச் சம்மாட்டி எந்தச் சந்தேகத்தையும் அமுக்கவில்லை. காதால் கேட்டார், நன்றாக இருந்தது, நம்பினார். அவருக்கு எதிரே இருந்தது கஞ்சத்தனமல்ல, எரிபொருள் வரிசை. கிளிஃபர்ட்டின் முதலாளிக்குக் கியூ.ஆர். அட்டை இருக்கவில்லை. அவர் மனதைக் குடைந்து பார்த்து அங்கே ஒன்றும் கிடைக்காவிட்டால், சோதிக்காமல் அனுப்புவது சரியென்று ஆகிவிடுமா? ஆகாது. காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

சோதிக்கப்படாத எஞ்சின் என்று ஒன்று உலகில் கிடையாது. கராஜில் பாரம் ஏற்றாவிட்டால் கடல் ஏற்றும். எந்த எஞ்சினும் தன் முதல் முழுப் பாரத்தை எங்கோ ஓரிடத்தில் சந்தித்தே தீரும். நாம் தீர்மானிப்பது இடத்தையும், அப்போது அதன் பக்கத்தில் நிற்பவர் யார் என்பதையும் மட்டுமே. கட்டுகஸ்தோட்டையில் தோற்றால் நஷ்டம் ஒரு கேஸ்கட்டும் சில வசைச் சொற்களும். கரையிலிருந்து இருபது மைலில் தோற்றால் நஷ்டப்படுபவர்கள், அந்தக் கராஜில் பேரம் நடந்தபோது அங்கே இல்லாதவர்கள். சம்மாட்டி தானே கடலுக்குப் போகிறவராக இருந்தால் வேறு கதை. தன் உயிரை வைத்து அவர் மிச்சம் பிடிக்கலாம். அந்தப் படகில் போவது கூலிக்கு வரும் மூன்று நான்கு பேர். எஞ்சினுக்குப் பாரம் ஏற்றிப் பார்த்தீர்களா என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்டால் நாளைக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள்.

கேட்க முடியாதவர்களின் கடைசி எல்லையில் அகதிகள் இருக்கிறார்கள். அந்த 2022 நவம்பர் இறுதியில் பங்களாதேஷின் கொக்ஸ் பஸார் கரையிலிருந்து ரோஹிங்கியா மக்களை ஏற்றிய ஒரு படகு புறப்பட்டது. சில நாட்களில் எஞ்சின் நின்றது. ஒரு மாத காலம் அவர்கள் கடலில் மிதந்தார்கள். டிசம்பர் 26 அன்று இந்தோனேசியாவின் அச்சே கரையில் 174 பேர் இறங்கினர். வழியில் 26 பேர் இறந்ததாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். அதே டிசம்பர் 18இல் இன்னொரு படகு எஞ்சின் பழுதாகி நம் வடகடலில் தத்தளித்தது. 104 பேரை இலங்கைக் கடற்படை மீட்டுக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தது. அந்தப் படகுகளுக்கு எஞ்சின் பூட்டியவரும் எங்கோ ஒரு கரையில் அதை ஓடவிட்டுக் கேட்டிருப்பார். சத்தம் சீராக இருந்திருக்கும்.

வெகுதூரம் போகவும் வேண்டாம். 2021 நவம்பர் 23 காலையில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்ததால் மாற்றாக ஓடிய பாதை கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே மௌத்தானார்கள். அங்கே கேள்வி எஞ்சினைப் பற்றியதல்ல, பாரத்தைப் பற்றியது. அந்தப் பாதை எத்தனை பேரைத் தாங்கும் என்று நாடு முழுவதும் பேசியது அதற்குப் பிறகு.

சோதனைக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. பாரம் ஏற்றுவதே எஞ்சினைத் தேய்க்கும், புதிதாய்க் கட்டியதை ஏன் வருத்த வேண்டும் என்பது அது. தொழில் தெரிந்தவர்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். புது ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு இணங்கி உட்காருவது பாரத்தின் அழுத்தத்தில்தான். பாரமில்லாமல் நெடுநேரம் சும்மா சுற்ற விட்டால் அந்தச் சுவர் பளபளவென்று கண்ணாடிபோல் ஆகிவிடும். எண்ணெய் நிற்காது, ரிங்கும் பிடிக்காது. பொத்திப் பொத்தி வைத்ததே பழுதாகிறது. ஆக, அந்தப் பீப்பாய் எஞ்சினைப் பரீட்சித்தது மட்டுமல்ல, கட்டி முடித்ததும் அதுதான். கால்வாசி, அரைவாசி, முழுசு என்று படிப்படியாக இறக்கிய தகடுகளுக்கு அர்த்தம் அதுவே. எடுத்த எடுப்பில் முழுப் பாரத்தை ஏற்றுவது சோதனையல்ல, வதை.

தியார்பக்கிரில் இருந்த அல் ஜஸரி 1206இல் முடித்த தன் இயந்திர நூலின் முகவுரையில், முன்னோர் விவரித்துவைத்த கருவிகள் சிலவற்றைப் பற்றிக் குறைப்படுகிறார். ஓட்டிப் பார்க்காத கைவினை மெய்க்கும் பொய்க்கும் நடுவில் ஊசலாடுகிறது என்பது அவர் கருத்து. அதைப் பொய் என்று அவர் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சம்மாட்டியின் எஞ்சின் அன்று காலை எட்டு மணிக்கும் நல்ல எஞ்சின்தான். ஆனால் அதை நல்லதென்று சொல்லிக் கையளிக்கும் உரிமை கராஜ்காரருக்குப் பகல் ஒரு மணிக்குத்தான் வந்தது. 18 லீற்றர் டீசல் அந்த உரிமையின் விலை. அது வீணல்ல என்றே எண்ணுகிறேன். விலையை யார் கொடுப்பது என்பதில் மட்டும் சம்மாட்டிக்குச் சண்டை பிடிக்க நியாயம் இருந்தது.

சோதனை என்ற சொல்லை நாம் பரீட்சைக்கும் சொல்கிறோம், துன்பத்துக்கும் சொல்கிறோம். பித்னா என்ற அரபுச் சொல்லின் வேரிலும் பொன்னை நெருப்பிலிட்டு மாற்றுப் பார்க்கும் செயல் இருப்பதாக அகராதிக்காரர்கள் சொல்வார்கள். இதைப் பிடித்துக்கொண்டு மனிதரையும் பாரமேற்றிப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. புதிதாய் வந்த மருமகளின் பொறுமையை, வேலைக்கு வந்த பையனின் நாணயத்தை, வேண்டுமென்றே வலை விரித்துப் பார்ப்பவர்கள். எஞ்சின் நம் கைவேலை, அதன் குறை நம் குறை. அதனால்தான் அதைச் சோதிக்கும் கடமை நமக்கு. மனிதர் நம் கைவேலை அல்லர். இதை இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

நீட்டி எழுத வேண்டியது இன்னொன்று. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கிழக்குக் கரைக்கு நம் ஊர்களிலிருந்தும் லொறி லொறியாகப் பொருட்கள் போயின. கூலி பெறாத வேலை, அல்லாஹ்வுக்காகச் செய்தது. உலகெங்கிலுமிருந்து படகுகளும் எஞ்சின்களும் வந்தன. அவசரத்தில் கட்டிக் கொடுக்கப்பட்ட புதிய படகுகளில் ஒரு பகுதி கடலுக்குத் தகுதியற்றவை என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் பின்னர் எச்சரித்தது. கொடுத்தவர்கள் கெட்டவர்களல்லர். கடற்கரை மணலில் வரிசையாக நிறுத்தி, மாலை போட்டு, பெனர் கட்டிப் படமெடுத்துக் கையளித்தார்கள். அந்த இடத்தில் எந்தப் படகும் அழகாகத்தான் இருக்கும். காசு கொடுத்து வாங்கியவன் கடைக்காரனோடு சண்டை பிடிக்கலாம். தருமமாகப் பெற்றவன், ஓட்டிக் காட்டுங்கள் என்று எந்த வாயால் கேட்பான்? குடும்பத்தில் பாதியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, பெனருக்குக் கீழே படகோடு நின்று படமெடுக்கப்பட்ட மனிதன் அவன். "ஜஸாக்கல்லாஹ் ஹைர்" சொல்லிவிட்டு, விடியற்காலையில் அதைத் தள்ளிக்கொண்டு போவான்.